கை பட்டால் செல்லாது

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வசிப்பவருக்குப் பெற்றோர் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது இப்போது மின்கட்டண ரசீதுக்கு மட்டுமே பயன்படுகிறது. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் விசில். வயதுக்கு மரியாதை தருபவர்கள் விசில் அண்ணன் என்பார்கள். தோற்ற அணியினர் வேறு பெயர்களாலும் அழைத்ததுண்டு. அவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

தபால் நிலையத்தில் அவர் முத்திரை குத்தியது தன் வயிற்றுக்காக. மாலையிலும் விடுமுறை நாட்களிலும் கால்பந்து மைதானத்தில் விசில் ஊதியது பிறர் வயிற்றெரிச்சலுக்காக. இரண்டையும் ஒரே கண்டிப்போடு செய்தார். தங்கையின் கணவர் ஒருமுறை எதிரணிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தபோது, மாப்பிள்ளை என்றும் பாராமல் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு தங்கை வீட்டில் அவர் கை நனைக்கப் பல ஆண்டுகள் ஆயின. "உறவு உறவோட இருக்கட்டும், விதி விதியோட இருக்கட்டும்" என்பது அவர் கட்சி.

நடுவருக்கு அவர் வகுத்த இலக்கணம் சின்னது. கண்ணால் பார்த்ததைச் சொல். சொன்னதற்கு விளக்கம் கொடுக்காதே. விளக்கம் சொல்ல ஆரம்பித்த நடுவர் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்பார்.

அவர் வீட்டுப் பால்கனிக்கு நேர் கீழே மைதானம். லிஃப்ட் இல்லாத கட்டடம், மாலை வெயில் முகத்தில் அறையும் திசை. ஒரு காலத்தில் அந்த வீட்டை யாரும் சீண்டவில்லை. இவர் மைதானத்தைப் பார்த்து வாங்கினார். "வீடு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா கேலரி டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்கார்" என்று சொல்லிச் சொல்லியே மனைவி அதில் வாழ்ந்து முடித்தார். ஓய்வு பெற்ற பிறகும் விசில் கடமையை விடவில்லை. கீழே நடக்கும் ஆட்டத்துக்கு மேலேயிருந்து தீர்ப்புச் சொல்வார். கீழே ஊதும் இளம் நடுவர்கள் முதலில் பந்தைப் பார்ப்பார்கள். பிறகு மூன்றாம் மாடியைப் பார்ப்பார்கள். அதன் பிறகே ஊதுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் விழுந்த இடம் குளியலறை. விழுவதுபோல் நடித்த எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவர், தான் விழுந்தது நடிப்பில்லை என்பதை ஒரு சோப்புக்கட்டியின் முன்னிலையில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எலும்பு முறியவில்லை. ஆனால் மருத்துவமனையில் படுத்துக் கிடந்த நாட்களில் தொடைச்சதை சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது. திரும்பி வந்தவரைப் பார்த்தால் சட்டைதான் நடந்து வருகிறது, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். நாற்காலியிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டும்; அதுவும் போதாமல் யாராவது அக்குளில் கை கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் மட்டும் பழைய மஞ்சள் அட்டை பத்திரமாக இருந்தது. வார்டில் கத்திக்கொண்டே இருந்த உதவியாளருக்கு அதை எடுத்துக் காட்டியதாகவும், அவர் மறுநாளிலிருந்து மெல்லப் பேசியதாகவும் தகவல்.

வீட்டில் மாநாடு கூடியது. மகள் நேரில் வந்திருந்தாள். மகன் தூர தேசத்திலிருந்து, ஃபோன் திரையில் நெற்றி மட்டும் தெரியும்படி கலந்துகொண்டான்.

"எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா. தரைத்தளம். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி போட்டாச்சு. உங்களுக்குன்னு தனி ரூம்" என்றாள் மகள்.

"ஜன்னல்ல என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க்."

"அதுல யாரு ஆடுவாங்க?"

"அப்பா, விளையாடாதீங்க" என்றது நெற்றி.

"நான் எங்கடா விளையாடினேன்? காலம் பூரா அடுத்தவன் விளையாட விசில்தானே ஊதினேன்!"

சிரித்தது அவர் மட்டும்தான். மகள் சிரிக்கவில்லை. இரண்டு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. அப்பா மறுபடி விழுந்து, ஃபோனும் கைக்கெட்டாமல் கிடப்பதுபோலவே கனவு வந்தது. அதை அவள் சொன்னதும் விசிலின் கிண்டல் அடங்கிப்போயிற்று. பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "ஒரு சான்ஸ் குடும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து வீட்டில் யாரும் கேட்டதில்லை. எத்தனையோ பேர் அவரிடம் கேட்ட வார்த்தை அது. யாருக்கும் அவர் கொடுத்ததில்லை.

சான்ஸைக் கொடுத்தவர் மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் பிசியோ, மகளைவிட இளைய பெண். வீட்டிலேயே செய்யும் பயிற்சி, கூடவே ஒரு டேப்லெட். அது மேசையில் நின்றபடி அவர் செய்வதைக் கேமராவால் பார்க்கும், எண்ணும், பேசும். கணக்கு தினமும் பிசியோவுக்கும் மகளின் ஃபோனுக்கும் ஒரு கோடாகப் போகும். தேறினால் கோடு ஏறும். மழைக்காலம் முடிந்ததும் பிசியோ நேரில் வருவார். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும், துணையில்லாமல் மாடிப்படி இறங்க வேண்டும். முடிந்தால் மைதானம், முடியாவிட்டால் தண்ணீர் டேங்க்.

"கை நாற்காலில படக்கூடாது. அதானே விதி?" என்று கேட்டார் விசில்.

"படாம எழுந்தா ரொம்ப நல்லது ஐயா" என்றார் பிசியோ.

'நல்லது' என்பதற்கும் 'விதி' என்பதற்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது அந்தப் பெண்ணுக்கு அப்போது தெரியாது.

டேப்லெட் வந்தது. திரையில் விசிலின் உருவம் தெரிந்தது. அதன் மேல் பச்சைக் கோடுகளாலான ஓர் எலும்புக்கூடு ஒட்டிக்கொண்டு, அவர் அசைந்தபோதெல்லாம் அசைந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மார்பில் கட்டி எழுவது; சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது; கணுக்காலில் ரப்பர் பட்டையை மாட்டி இழுப்பது. முதல் நாள் எழ முயன்றார். பாதி எழுந்து, பொத்தென்று உட்கார்ந்தார்.

"அருமை! கலக்கிவிட்டீர்கள்!" என்றது டேப்லெட், ஒரு பெண் குரலில்.

விசிலுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய தொழிலில் அவரைப் பாராட்டியவர்கள் எல்லோரும் அடுத்த ஆட்டத்தில் பெனால்டி எதிர்பார்த்தவர்கள். கைதட்டலைக் கையூட்டின் தம்பி என்று கருதியே வளர்ந்த மனிதர், பொத்தென்று உட்கார்ந்ததற்கு ஒரு மெஷினிடம் பாராட்டு வாங்கினால் எப்படிப் பொறுப்பார்?

"என்ன அருமை? எதுல அருமை? நான் எழுந்திருக்கவே இல்லையே!" என்று அதனிடம் சண்டைக்குப் போனார்.

"மிகச் சிறப்பு! தொடருங்கள்!" என்றது அது.

இந்தச் சண்டையை ரசிக்க ஒருவர் தினமும் வந்தார். கீழே சலூன் வைத்திருப்பவர். இளமையில் நாலாம் நம்பர் சட்டை போட்டு ஆடியவர் என்பதால் விசில் அவரை இன்றுவரை நாலாம் நம்பர் என்றே கூப்பிடுகிறார். ஒரு லீக் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், கோல் எல்லைக்குள் பந்து இவர் கையில் பட்டதாக விசில் ஊதி, பெனால்டி கொடுத்து, கோப்பை கைமாறிப் போனது. தலைமுடியெல்லாம் நரைத்து, சாயம் பூசி, பிறகு பூசவும் முடியில்லாமல் போய்விட்டது. ஆனாலும் நாலாம் நம்பர் கடையைத் திறப்பதற்கு முன் மாடியேறி வந்து, தேநீர் குடித்துவிட்டு, "அன்னிக்கு என் கை படலண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். "பட்டுச்சு" என்பார் விசில். அதுதான் அவர்களுடைய காலை வணக்கம்.

"நாற்காலி உயரம் பத்தலய்யா. அதான் எழ வரல" என்றார் விசில் இரண்டாம் நாள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். தள்ளுங்க, நான் காட்டறேன்" என்று நாலாம் நம்பர் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து எழுந்தார்.

"அருமை! இன்று உங்களிடம் புதிய சக்தி தெரிகிறது!" என்று நாலாம் நம்பர் எழுந்ததை விசிலின் கணக்கில் சேர்த்தது டேப்லெட்.

அதோடு நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஹேங்கரில் ஒரு சட்டை தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது எழும்பித் தாழ, பச்சை எலும்புக்கூடு தாவிப் போய் அதில் ஒட்டிக்கொண்டது. "கலக்கிவிட்டீர்கள்! கலக்கிவிட்டீர்கள்!"

"அண்ணே, நீங்க பேசாம உக்காருங்க. உங்க சட்டையே பாஸ் ஆயிடும்போல" என்றார் நாலாம் நம்பர்.

வேறு எவராக இருந்தாலும் அந்த யோசனையைத் தட்டியிருக்க மாட்டார்கள். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருந்தால் கோடு கூரையைத் தொட்டிருக்கும். விசில் நடுவராகப் பிறந்துவிட்டார். திரையைத் துழாவி மூலையில் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். பெருக்கல் குறி போட்டு 'கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. மெஷின் தப்பாக எண்ணினால் அழிப்பதற்காக வைத்தது. அழுத்தினார். சட்டை எழுந்தது ரத்தாயிற்று. நாலாம் நம்பர் எழுந்ததும் ரத்தாயிற்று. முகத்தில் பழைய களை வந்தது. ஆட்டத்துக்கு ஒரு நடுவர் கிடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நடந்ததைச் சரித்திரம் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர் விசில், நடுவரும் விசில், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எழும்போது விரல் நுனி நாற்காலியில் பட்டதா? ரத்து. உட்காரும்போது பொத்தென்று சத்தம் வந்ததா? ரத்து. ஆட்டக்காரருக்குக் கோபம் வந்தது, மறுபடி முயன்றார். நடுவர் மசியவில்லை. மதியச் சாப்பாடு ஆறிக் கிடக்க, வெளியே மழை கொட்ட, ஒரே ஒரு முறை சுத்தமாக எழுவதற்காக அந்த மனிதர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

இப்படிச் செய்தால் கால் என்ன செய்யும் பாவம்? தேறத் தொடங்கியது. போன சதை வெட்கத்தோடு திரும்பி வந்தது. ஒரு நாள் கை எங்கும் படாமல், நாற்காலிக்கே தெரியாமல் எழுந்து நின்றார். ஆனால் ஆட்டத்தின் தரம் கூடும்போது நடுவரும் கண்டிப்பைக் கூட்டுவதுதானே முறை? இப்போது முழங்கால் நடுங்கினால் ரத்து. 'ம்ம்' என்று முனகினால் ரத்து. முதுகு சாய்மானத்தை உரசினால் ரத்து. கால் வலுக்க வலுக்க விதி இறுகியது. விதி இறுக இறுக மகளின் ஃபோனில் கோடு சறுக்குமரம்போல் இறங்கியது.

"அப்பா, இன்னிக்கு எக்சர்சைஸ் செஞ்சீங்களா?"

"செஞ்சேனே."

"இங்க ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது."

"அப்ப ஒண்ணுதான்."

"காலையிலேர்ந்து ஒரே ஒரு தடவையாப்பா எழுந்தீங்க?"

"முடிவு சொல்லியாச்சும்மா. விளக்கம் கிடையாது."

மகள் அலுவலகக் கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிசியோவும் கூப்பிட்டுப் பார்த்தார். வலி இருக்கிறதா? இல்லை. மூச்சு வாங்குகிறதா? இல்லை. "அப்புறம் ஏன் ஐயா எண்ணிக்கை குறையுது?" "தரம் கூடுதும்மா" என்றார் விசில் பெருமையாக. பிசியோ தன் குறிப்பில் 'மனக்குழப்பமோ?' என்று எழுதி, கேள்விக்குறியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார்.

நாலாம் நம்பராவது சொல்லியிருக்கலாம். அவரோ கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருகிறவர். அண்ணன் ஒவ்வொரு முறையும் திரையைத் தட்டுவது ஏதோ மணியடிப்பது என்றே நினைத்திருந்தார்.

மழை முழுதாக விடுவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விசில் பால்கனியிலிருந்து பார்த்தபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மகள் இறங்கினாள். பிசியோ இறங்கினார். டிரைவர் பின்கதவைத் திறந்து, கட்டில் வைக்க இடம் பண்ணினார். விசிலுக்குப் புரிந்துவிட்டது. ஆட்டம் முடியும் முன்பே கோப்பையைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள்.

"நேரம் இன்னும் இருக்கு" என்றார், கதவைத் திறந்ததும்.

"கோடு கீழ கீழ போகுதுப்பா. நீங்க இன்னொரு தடவை விழுறதுக்கு நான் காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள் மகள். திரையில் நெற்றியும் வந்துவிட்டது. "அக்கா சொல்றதக் கேளுங்கப்பா."

"நெத்தியக் கீழ எறக்குடா. அப்பன்கிட்ட பேசும்போது மூஞ்சியக் காட்டு."

பிசியோ மட்டும் அவசரப்படவில்லை. கதவைத் திறக்க அவர் நடந்து வந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, ஒரு தடவை எனக்காகச் செஞ்சு காட்டறீங்களா?"

விசில் நாற்காலியில் அமர்ந்தார். கைகளை மார்பில் கட்டினார். எழுந்தார், அமர்ந்தார், எழுந்தார். புகை எழும்புவதுபோல் எழுந்து, பூனை உட்காருவதுபோல் உட்கார்ந்தார். மகளின் வாய் திறந்தது; மூட மறந்துவிட்டது. பிசியோ போதும் என்று கைகாட்டும் வரை நிறுத்தவில்லை.

"அருமை! கலக்கிவிட்டீர்கள்!" என்றது டேப்லெட். இந்தத் தடவை அது சொன்னது உண்மை.

விசில் அதன் அருகே போய், மூலைப் பொத்தானைத் தட்டத் தொடங்கினார். தட்டினார், இன்னொன்றைத் தட்டினார்.

"ஐயா! என்ன பண்றீங்க?"

"கேன்சல். நடுவுல ஒண்ணுல முழங்கால் ஆடிச்சு. கடைசி ரெண்டுல முதுகு சாஞ்சுடுச்சு."

"தினமும் இப்படித்தான் அழிக்கிறீங்களா?"

விசில் அடுத்ததைத் தட்டினார். விளக்கம் கிடையாதே. ஆனால் பிசியோவுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல், அதே நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். 'கை பட்டுச்சு' என்பதுபோல் விசில் ஒரு பார்வை பார்த்தார்.

"இவர் அழிச்சதுல பாதியை மத்த பேஷன்ட்டுங்க செஞ்சாப் போதும்னு நான் கோயில் கோயிலா வேண்டிக்காத குறைங்க" என்று மகளிடம் சொன்னார்.

மகள் நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் நின்றாள். "நாற்காலி சரி. மாடிப்படி?"

படிக்கட்டுக்கு வந்தார்கள். "கைப்பிடியைப் பிடிச்சுக்கலாம் ஐயா. அதுல தப்பே இல்ல" என்றார் பிசியோ.

"பிடிச்சா இறங்கினது காலா, கையா? கணக்கை யார் பேர்ல எழுதறது?"

பேரம் நடந்தது. கை கைப்பிடிக்கு மேலேயே மிதக்க வேண்டும். தடுமாறினால் அந்த நொடியே பிடித்துவிட வேண்டும். பிசியோ ஒரு படி கீழே, அவரைப் பார்த்தபடியே இறங்குவார். விசில் விதிகளைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். ஊதினார். ஆட்டம் தொடங்கியது.

அந்த ஓசை கட்டடத்துக்குப் பழக்கமானது. கதவுகள் திறந்தன. மைதானத்தில் இடைவேளையாக இருந்ததால் இரண்டு அணியும் வாசலுக்கு வந்துவிட்டன. சலூனிலிருந்து நாலாம் நம்பர் கத்தியோடு ஓடிவர, பாதி மழித்த கன்னமும் பாதி நுரையுமாக அவருடைய வாடிக்கையாளரும் பின்னால் வந்தார். விசில் இறங்கினார். ஒரு கால், அடுத்த கால், நடுவே தவறாமல் ஒரு மூச்சு. திருப்பத்தில் நின்று, பிசியோவைப் பார்த்து, "நீ பாத்து இறங்கும்மா, பின்னால படி இருக்கு" என்றார்.

கடைசிப் படி. அப்போதுதான் எவனோ உதைத்த பந்து ஒன்று உருண்டு வாசலுக்குள் வந்தது. பந்தைப் பார்க்காமல் இருக்க அந்தக் கண்களுக்குத் தெரியாது. ஒரு கணம் உடல் ஆடியது. அடுத்த கணம் இரண்டு பாதமும் தரையில் இருந்தன. வாசல் அதிர்ந்தது. மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

விசில் அவளை மெல்ல விலக்கிவிட்டு, நீளமாக ஊதினார்.

"கை பட்டுச்சு. செல்லாது."

"எங்கப்பா பட்டுச்சு? யாருமே பாக்கலையே!"

"சுண்டுவிரல். கைப்பிடில. நான் பாத்தேன்."

"அண்ணே, நான் பக்கத்துலதான் நின்னேன். சத்தியமாப் படல!" என்று கத்தினார் நாலாம் நம்பர்.

"பட்டுச்சு."

"அன்னிக்கும் இப்படித்தான்! இந்த ஆள் திருந்தவே மாட்டார்!"

பிசியோ தன் விதியை எடுத்துச் சொன்னார்: தடுமாறினால் பிடிக்கலாம் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. "அது ஆபத்துக்கு. இது ஆட்டத்துக்கு" என்று சொல்லிவிட்டு, விசில் திரும்பி மாடிப்படி ஏறத் தொடங்கினார். மறு ஆட்டத்துக்கு.

எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். எழுந்து நிற்க அக்குளில் கை வேண்டியிருந்த மனிதர், சுண்டுவிரல் பட்ட ஒரு சட்டப் பிரச்சினைக்காக மூன்று மாடி திரும்ப ஏறிக்கொண்டிருந்தார். கூடவே ஏறிய பிசியோவுக்குத்தான் மூச்சு வாங்கியது.  மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேன் டிரைவரிடம் போனாள்.

"வண்டியத் திருப்பிக்குங்கண்ணே. இங்கேர்ந்து ஏத்த ஒண்ணும் இல்ல."

"கட்டிலு?"

"அவருக்கு அது பத்தாது. மைதானம்தான் வேணும். உங்க வண்டில ஏறுமா?"

மேலே மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, பிசியோ நாடி பார்த்துச் சரி என்ற பிறகு, விசில் மறுபடி இறங்கினார். இந்த முறை கை கைப்பிடிக்கு மேலே நிழலைப்போல் கூடவே வந்தது, எங்கும் தொடவில்லை. வாசலில் ஒரு சத்தமும் இல்லை. நுரைக்கன்னக்காரர் நுரை காய்ந்ததுகூடத் தெரியாமல் நின்றார். கடைசிப் படி தாண்டியது; தரை வந்தது; யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் நடுவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

விசில் யோசித்தார். முழங்காலைக் குனிந்து பார்த்தார். கைவிரல்களை விரித்துப் பார்த்தார்.

"செல்லும்" என்றார்.

அதன் பிறகு எழுந்த ஆரவாரத்தில், மூன்றாம் மாடியில் ஆளில்லாத அறையில் சட்டையைப் பாராட்டிக்கொண்டிருந்த டேப்லெட்டின் குரல் யாருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஃபோனில் மகனின் முகம் முழுதாகத் தெரிந்தது, அவனும் கத்தினான். விசில் நடந்துபோய் மைதானத்தின் வெள்ளைக் கோட்டில், ஈரப் புல்லின் மேல் நின்றார். நாலாம் நம்பர் பக்கத்தில் வந்து நின்றார். கையிலிருந்த சவரக் கத்தியை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார்.

"அண்ணே."

"சொல்லுய்யா."

"அன்னிக்கு... லேசா."

"என்ன லேசா?"

"லேசாப் பட்டுச்சு."

 விசில் சட்டைப்பைக்குள் கையை விட்டு, ஓரம் கிழிந்த மஞ்சள் அட்டையை எடுத்தார்.

"இது எதுக்குண்ணே? அதுக்குத்தான் அப்பவே பெனால்டி குடுத்துட்டீங்களே!"

"அது கை பட்டதுக்கு. இது நேரத்தை வீணாக்கினதுக்கு."

இரண்டு அணியும் பார்க்க, மகள் பார்க்க, விசில் நிமிர்ந்து நின்று அட்டையை உயரத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் அட்டை இருந்தது. இன்னொரு கை எதையும் பிடித்திருக்கவில்லை.